தூணருகே நிற்பவர்: ஒரு விருந்துக் கோட்டோவியத்தைப் படித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை புரசைவாக்கத்தில் பல தலைமுறைகளாக இருந்துவரும் ஒரு குடும்பம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பதென்று முடிவாகி மாடியறையைக் காலி செய்தபோது, தேக்குப் பெட்டியில் ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. அதற்குள் கனமான அட்டையில் ஒட்டிய ஒரு படம் இருந்தது. பழுப்பேறிய மையில் விறுவிறுவென்று போட்ட கோட்டோவியம். ஒரு கூடத்தில் வெள்ளைக்கார ஆண்களும் பெண்களும். வலது ஓரத்தில் தூணருகே தலைப்பாகையும் நீண்ட வெள்ளை அங்கியும் தோளில் சால்வையுமாக ஒருவர். அவர் கையில் ஒரு தாள்.

பழைய தாள்களைச் சுத்தம் செய்து பத்திரப்படுத்துவதும், அவற்றுக்கு விவரக் குறிப்பு எழுதுவதும் என் தொழில். குடும்பத்துப் பெரியவருக்கு அடுத்த சில மாதங்களில் சதாபிஷேகம். படத்தைப் பெரிதாக்கி மண்டப வாசலில் வைக்க வேண்டும், கீழே எழுத நாலு வரி வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அந்த நாலு வரியையும் அவர்களே ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள்: 1802, கவர்னர் விருந்து மண்டபத் திறப்பு விழா, கவர்னரிடம் பாராட்டுப் பத்திரம் பெறும் எங்கள் மூதாதையர்.

இதை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ள முடியாது. முன்னோர் ஒருவர் துபாஷியாக, அதாவது வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்தார் என்று அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடம், ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்தபோது ஜான் கோல்டிங்ஹாம் திட்டமிட்டு 1802இல் எழுந்தது. பிளாசி வெற்றியையும், திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியையும் கொண்டாடக் கட்டியது. கூடம், தூண், விருந்து, துபாஷி எல்லாம் பொருந்தி வருகின்றன. யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதல் பார்வையில் கண்டவை

படம் ஏறக்குறைய ஒரு முழ நீளம். விற்பதற்காகவோ அச்சுக்குக் கொடுப்பதற்காகவோ போட்டதில்லை என்பது கோடுகளிலேயே தெரிந்தது. சில கைகளுக்கு விரல்களே இல்லை. பின்வரிசை முகங்கள் வெறும் வட்டங்கள். கீழே ஆங்கிலத்தில் சில பெயர்கள். பெயர்கள் என்றால் முதலெழுத்தும் அதையடுத்து ஒரு நீண்ட கோடும் மட்டும். பார்க்கப்போகிறவர்களுக்கு ஆளைத் தெரியும், முழுப்பெயர் வேண்டியதில்லை என்பதுபோல. ஆக, இது ஒரு சிறு வட்டத்துக்குள் கைமாறிச் சிரிக்கப் போட்ட படம்.

இந்த ஒரு விஷயம் படத்தைப் படிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது. பணம் கொடுத்து எழுதச் சொன்ன ஓவியம், எழுதச் சொன்னவர் எப்படித் தெரிய ஆசைப்பட்டார் என்பதைக் காட்டும். நண்பர்களுக்குள் போட்ட கிறுக்கல், அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததைக் காட்டும். அதனால் 'இவர் யார்' என்பதற்கு முன்னால் 'இதில் என்ன சிரிப்பு' என்று கேட்பதென்று வைத்துக்கொண்டேன்.

இடது பக்கம் ஒரு வயதான சீமாட்டி, தலையில் இறகு செருகிய முண்டாசு, தோளிலிருந்து உப்பிய சட்டைக் கைகள். பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து ஹூக்கா புகைக்கும் கிழத்துரை. நடுவில் நடனத்துக்குக் கைகோத்த ஜோடிகள். சீமாட்டியின் உப்பிய கைக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் வெளியே தெரிய, ஓர் இளம் ராணுவ அதிகாரி. முதுகுக்குப் பின்னால் சுருட்டு. அவன் கண் மணிகள் இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டே புள்ளிகள்தான், ஆனால் இரண்டும் தெளிவாக வலது பக்கம் தூணைப் பார்க்கின்றன.

எந்தக் காலம்?

1802 என்பது உடைகளைப் பார்த்ததுமே ஆட்டம் கண்டது. அந்த ஆண்டுகளில் ஐரோப்பியப் பெண்களின் உடை மார்புக்குக் கீழேயே இடை பிடித்து, மெல்லிய மஸ்லினில் நேராகக் கீழே இறங்கும், கை ஒடுங்கியிருக்கும். இந்தப் படத்தில் உடையின் இடை உடலின் இடுப்பிலேயே இருக்கிறது, பாவாடை அகன்று விரிகிறது, கைகள் ஊதிப் பெருத்திருக்கின்றன. இதைப் பெரியவரின் பேத்தியிடம் சொன்னேன். அவர் வக்கீல், ஆதாரம் என்றால் உடனே பிடித்துக்கொள்வார். "தாத்தாகிட்ட இப்பவே சொல்ல வேண்டாம், முழுசா தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். சரி என்றேன்.

அடுத்த முடிவு அட்டையைப் பற்றியது. அட்டையின் அமிலம் தாளைத் தின்றுகொண்டிருந்தது, எப்படியும் பிரித்தாக வேண்டும். ஈரம் காட்டினால் பசை சுலபமாக இளகும். ஆனால் இந்த வகைப் பழுப்பு மையில் இரும்புச் சத்து உண்டு; ஈரம் பட்டால் கோட்டைச் சுற்றிக் கறை பரவும். அதனால் தண்ணீர் வேண்டாமென்று, அட்டையைப் பின்னாலிருந்து கத்தியால் படலம் படலமாக உரித்தெடுத்தேன். மெதுவான வேலை, ஆனால் படத்துக்குக் கெடுதல் இல்லை. அது முடிந்தபோது தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்து தெரிந்தது.

பழைய கணக்கெழுத்து. மன்மத ௵ (வருஷம்) மாசி ௴ (மாதம்) என்று தொடங்கி, ௰, ௱ என்று தமிழ் எண்களில் தொகை, முன்னால் ௹ என்ற ரூபாய்க் குறி. வட்டி தனி, முதல் தனி. சென்னையில் 1818 வரை வராகன் கணக்கு. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அந்த ஆண்டில்தான் ரூபாய் அதன் இடத்தைப் பிடித்தது. இங்கே வராகனும் இல்லை, பணமும் காசும் இல்லை. அதனால் குறிப்பு 1818க்குப் பிற்பட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மன்மத வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1775, 1835, 1895. ரூபாய்க் கணக்கு என்பதால் 1775 போயிற்று. மிஞ்சியது 1835 அல்லது 1895. மாசி என்பதால் ஆங்கில ஆண்டில் 1836 அல்லது 1896 பிப்ரவரி, மார்ச்.

சிக்கல் இங்கேதான் வந்தது. உப்பிய கை 1830களில் ஒருமுறை உச்சத்துக்குப் போய் 1836 வாக்கில் சட்டென்று வடிந்தது. அதே மோஸ்தர் மறுபடி வந்து உச்சத்தைத் தொட்டது 1895ஐ ஒட்டித்தான். வருஷப் பெயரும் இரண்டுக்கும் பொருந்துகிறது, சட்டைக் கையும் இரண்டுக்கும் பொருந்துகிறது! பேத்தி 1895 என்றே நினைத்தார்; குடும்பத்தில் அந்தக் காலத்து ஆட்களின் பெயர்கள் தெரியும் என்பதால் அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

ஆகவே கையை விட்டுவிட்டு, கையைச் சுற்றியுள்ளதைப் பார்த்தோம். 1890களின் உப்பல் தோளிலிருந்து மேல்நோக்கி எழும்பி நிற்கும். இந்தப் படத்தில் தோள் சரிந்து, உப்பல் அதற்குக் கீழே தொங்குகிறது. பாவாடை விளிம்புக்குக் கீழே கணுக்கால் தெரிகிறது. 1895இல் அது தரையைத் தொட்டிருக்கும். இளம்பெண்களின் முடி உச்சியில் வளையமாகத் தூக்கிக் கட்டி, காதோரம் சுருள் தொங்குகிறது, இதுவும் 1830களின் ஒப்பனை. அதிகாரிகளின் கோட்டுக்குப் பின்னால் வால், தோளில் குஞ்சம் தொங்கும் பட்டை. பிரிட்டிஷ் ராணுவம் அந்தக் குஞ்சத் தோள்பட்டையை 1855இலேயே கைவிட்டுவிட்டது.

ஹூக்காவும் சுருட்டும் இன்னொரு சாட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் கம்பெனி துரைமார்கள் வீட்டில் ஹூக்காவுக்கென்றே ஒரு ஆள் இருப்பான். 1830களில் அது கிழவர்களின் பழக்கமாகச் சுருங்கி, இளையவர்கள் சுருட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே கூடத்தில், வயதுக்கு ஏற்றபடி இருப்பது இந்த மாறும் காலத்துக்கே சரியாகப் பொருந்தும்.

கடைசியில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது நீர்க்குறி தெரிந்தது. வாட்மன் என்ற ஆங்கிலத் தாள் ஆலையின் பெயரில் பின்பாதி, அதன்கீழ் 183. நான்காவது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தாள் வெட்டுப்பட்டிருந்தது. ஏற்றுமதித் தாளில் ஆண்டு பொறித்தால் வரியைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1794இல் வந்ததிலிருந்து நீர்க்குறியில் ஆண்டு போடும் வழக்கம் பரவியது. தாள் பழையது என்பதாலேயே படமும் பழையது ஆகிவிடாது. மிச்சமிருந்த தாளில் பிறகு வரைந்திருக்கலாம். ஆனால் தாளும் உடையும் சேர்ந்து ஒரே பத்தாண்டைக் காட்டும்போது, 1830க்கும் 1836க்கும் இடையில் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

எந்த இடம்?

இதில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. வழுவழுப்பான சங்குச் சுண்ணாம்புத் தூண்கள் மதராஸில் வசதியான ஒவ்வொரு தோட்ட வீட்டிலும் இருந்தன. பளிங்கு என்றே நினைக்க வைக்கும் அந்தப் பூச்சுக்கு ஊர் பெயர்பெற்றது. தூணை மட்டும் வைத்துக் கட்டடத்தைச் சொல்ல முடியாது. எழும்பூர் பாந்தியன் கூடமாக இருக்குமோ என்று பேத்தி கேட்டார். ஒரு காலத்தில் நடனமும் நாடகமும் விருந்தும் நடந்த இடம்தான் அது; பாந்தியன் சாலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான், இன்று அருங்காட்சியகம் இருப்பதும் அந்த வளாகத்தில்தான். ஆனால் 1821இலேயே அது ஓர் ஆர்மீனிய வணிகருக்கு விலைபோய்விட்டது. 1830களின் விருந்தை அங்கே வைக்க வழியில்லை. குறிப்பில் 'மதராஸில் ஒரு கூடம்' என்று மட்டும் எழுதினேன்.

சிரிப்பு யாரைப் பார்த்து?

காலம் தெரிந்ததும் தூணருகே நிற்பவரின் கையிலிருந்த தாளுக்கு வந்தேன். பாராட்டுப் பத்திரம் என்றால் கொடுப்பவர் ஒருவர் எதிரே வேண்டும். இங்கே யாரும் அவர் பக்கம் திரும்பியே நிற்கவில்லை. தாளில் மூன்று கோடு, கீழே ஒரு சுழி, சுழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். கையெழுத்தும் முத்திரையும் என்று தோன்றியது. அப்புறம் அந்த இளம் அதிகாரியின் கண் புள்ளிகள். இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்தால் படத்தின் சங்கதி விளங்கிவிடுகிறது. கடன் வாங்கியவன் சீமாட்டியின் சட்டைக் கைக்குப் பின்னால் ஒளிகிறான். கடன் கொடுத்தவர் பத்திரத்தோடு தூணருகே பொறுமையாக நிற்கிறார்.

கப்பலிலிருந்து மசூலாப் படகில் அலை தாண்டிக் கரையேறும் வெள்ளைக்கார வாலிபனுக்கு, வீடு பார்ப்பது முதல் பல்லக்கும் வேலையாட்களும் பிடித்துத் தருவது வரை எல்லாம் செய்பவர் துபாஷி. முன்பணமும் அவருடையதே. சம்பளம் போதாது, அந்தஸ்துக்குத் தக்க வாழ வேண்டும். அதனால் வந்த கொஞ்ச நாளிலேயே கடன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபே கம்பெனி ஆட்களிடம் பெருங்கடன் பட்டிருந்தார். அதே கம்பெனி ஆட்களில் பலர் கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வணிகர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். 1830களில் துபாஷிகளின் பழைய செல்வாக்கு தேய்ந்துகொண்டிருந்தது. ஏஜென்சி வீடுகள் என்ற ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அவர்கள் வேலையை எடுத்துக்கொண்டன. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் 1833 சட்டத்தோடு கம்பெனி வணிகத்தையே நிறுத்தியது. ஆனால் இளம் அதிகாரிகளின் கடன் மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1832–33இல் குண்டூர்ப் பக்கம் பெரும் பஞ்சம். ஏராளமானோர் மாண்டார்கள், பிழைத்தவர்களில் பலர் மதராஸை நோக்கி நடந்தார்கள். இதே மாகாணத்தின் தலைநகரில், அதே சில ஆண்டுகளுக்குள் போடப்பட்ட இந்தப் படத்தில் அதன் நிழல்கூட இல்லை. உயர்வட்டத்தைக் காட்டும் எந்தப் படத்தையும் படிக்கும்போது, கூடத்துக்கு வெளியே அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குறிப்பில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினேன்.

தூணருகே நிற்பவர்

பெரியவரிடம் இதைச் சொன்ன அன்று அவருக்குக் கோபம் வந்தது. "வட்டிக்காரன்னு எழுதத்தான் உங்களக் கூப்பிட்டோமா?" என்றார். பேத்தி, "தாத்தா, அவங்க இன்னும் முடிக்கல" என்றார். நான் வாதாடவில்லை. பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, தூணின் கோட்டை மட்டும் மேலிருந்து கீழே பார்த்து வரச் சொன்னேன்.

அந்தக் கோடு அவர் முன்னோர் என்று நினைக்கும் உருவத்தின் தோளில் வந்து நின்றுவிடுகிறது, பிறகு முழங்கைக்குக் கீழே மறுபடி தொடங்குகிறது. நடனமாடும் ஜோடிகளில் அப்படியில்லை. ஒருவர் பாவாடைக்குள் இன்னொருவர் கால் தெரிகிறது, கோட்டின் மேல் கோடு ஏறியிருக்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் தடமும் இந்த ஒருவருக்குத்தான் இருந்தது. அதாவது வரைந்தவர் முதலில் இவரைத்தான் போட்டிருக்கிறார். தூணும் கூடமும் கூட்டமும் பின்னால் வந்தவை. ஓரத்தில் நின்றாலும் படமே இவரைச் சுற்றித்தான்.

பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கால்களிடம் வந்து, "செருப்பு இல்லையே" என்றார். ஆம், பாதங்களில் ஐந்து விரலும் சின்னச் சின்னக் கோடுகளாக இருக்கின்றன. கூடத்தில் வேலையாட்களைத் தவிர வெறுங்காலோடு நிற்பவர் இவர் ஒருவர்தான். வெள்ளைக்காரர் முன் இந்தியர் காலணி அணிந்து நிற்பதா என்ற தகராறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுநாள் நடந்தது. பெரியவர் அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். அவருடைய பாட்டி, பெரிய மனுஷத்தனம் காட்டும் பிள்ளைகளைப் பார்த்து, "நம்ம வீட்டு ஜரிகைச் செருப்பெல்லாம் துரை வீட்டு வாசலோட சரி" என்பாராம். சின்ன வயதில் கேட்டது, அர்த்தம் புரியாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். அதை அவர் சொற்களிலேயே எழுதி வைத்துக்கொண்டேன்.

முகம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மூக்கையோ மோவாயையோ இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். இவர் முகம் மட்டும் அளவோடு, அமைதியாக இருக்கிறது. வரைந்தவர் இவர்மேல் வைத்த மரியாதை என்றே நான் படித்தேன். கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் தோழி ஒருவரிடம் காட்டினேன். அவர் மறுத்தார். ஒருவரைக் கேலியாக வரைய அவரை நன்றாகப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்; இந்த முகத்தை வரைந்தவர் ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை, 'துபாஷி' என்ற ஒரு வகையைத்தான் வரைந்திருக்கிறார், எந்தத் துபாஷிக்கும் இந்த முகம் பொருந்தும் என்றார். நியாயமான வாதம். பென்சில் தடத்தைக் காட்டினேன். கவனமாகத் திட்டமிட்டதும் பார்க்காமலே போட்டதும் ஒரே உருவத்தில் இருக்கலாம் என்றார். நான் இன்றும் மரியாதை என்ற பக்கமே சாய்கிறேன், ஆனால் அவருடைய வாசிப்பைத் தள்ள என்னிடம் ஆதாரம் இல்லை.

எடுத்த முடிவுகள்

விவரக் குறிப்பை மூன்று பத்தியாகப் பிரித்தேன். முதல் பத்தியில் யார் பார்த்தாலும் தெரிவது. இரண்டாவதில் நாங்கள் ஊகித்தது, ஒவ்வொன்றும் எதை வைத்து என்பதோடு. முகத்தைப் பற்றிய இரண்டு வாசிப்புகளும் இதில் உண்டு. மூன்றாவதில் குடும்பத்தின் நினைவு, பாட்டியின் சொல் உட்பட, அது நினைவு என்று சொல்லியே.

பின்பக்கத்து வட்டிக் கணக்கை முன்பக்கத்துக் கடன் பத்திரத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்பது இன்னொரு முடிவு. பேத்திக்கு அது பிடிக்கவில்லை. இதைவிட நல்ல ஆதாரம் என்ன வேண்டும் என்றார். ஆனால் தாள் அருமையாக இருந்த காலத்தில் கையில் கிடைத்த தாளின் பின்பக்கம் கணக்குப் போடுவது சாதாரணம். வட்டி என்ற ஒரு சொல் இரு பக்கத்துக்கும் பொது என்பதால் அது அதே கடன் ஆகிவிடாது. பெயர்களும் அப்படித்தான். அந்த ஆண்டுகளின் மதராஸ் 'அல்மனாக்' என்ற ஆங்கில ஆண்டுக் கையேட்டுப் பட்டியல்களில் அதிகாரிகளின் பெயர் வரிசையாக உண்டு. பார்த்தோம். ஒவ்வொரு முதலெழுத்துக்கும் பலர் வந்தார்கள். பொருத்தமாகத் தோன்றுகிற ஒருவரைப் பிடித்து எழுதினால் அடுத்து வருபவர் அதை உண்மை என்று எடுத்தாள்வார். எந்தப் பெயரும் போடவில்லை. அதே காரணத்துக்காக, தூணருகே நிற்பவரை 'குடும்பத்தின் மூதாதையர்' என்றும் எழுதவில்லை. பெரியவருக்கு அதுதான் அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன்.

பின்பு நடந்தது

சதாபிஷேக மண்டப வாசலில் படம் வைக்கப்படவில்லை. பெரியவரின் திருமணப் படம் வைத்தார்கள். இந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் ஆகஸ்டில் மெட்ராஸ் வாரத்தையொட்டி உறவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பழைய பொருட்களைப் பார்வைக்கு வைத்தபோது, பெரியவரே படத்தின் நகலை எடுத்து வந்தார். மூன்று பத்திக் குறிப்பும் அப்படியே கீழே இருந்தது. வந்தவர்களைத் தூணருகே கூட்டிப் போய், கோடு எங்கே நிற்கிறது என்று அவரே காட்டினார். சிலர் 1802 என்று கேள்விப்பட்டோமே என்றபோது, சட்டைக் கையைக் காட்டி விளக்கியதும் அவர்தான். மூலப்படம் அமிலமில்லாத உறையில், இருட்டில், படுக்கை வாட்டத்தில் இருக்கிறது. சுவரில் தொங்குவது நகல்.

மாற்றிக்கொண்டவை

இப்போதெல்லாம் வீட்டுப் படம் எதுவானாலும், அதைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். பாட்டியின் அந்தச் சொல் 'வெறுங்கால்' என்று தெரிந்த பிறகு வந்ததால், அதன் சாட்சி மதிப்பு கொஞ்சம் குறைந்துதான் போகிறது. முன்பே பதிவாகியிருந்தால் இன்னும் பலமாக நின்றிருக்கும். அட்டையைப் பிரிக்கும் வேலையையும் உடை ஆராய்ச்சிக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன், பின்பக்கம் பேசாத வரை முன்பக்கத்தை வைத்து ஆண்டு சொல்வதில்லை.

கணக்குப் புத்தகம் இன்னும் படிக்கப்படவில்லை. பழைய தமிழ்ப் பின்ன எண்களான மாகாணி, அரைக்கால், முந்திரி எல்லாம் தடையில்லாமல் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏடு ஏடாகப் படம் எடுத்து அவரிடம் கொடுக்கும் வேலையைப் பேத்தி ஆரம்பித்துவிட்டார். மன்மத வருஷத்துப் பக்கங்களை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.